நம்ம ஊர் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவை அண்ணன்மார்கள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. சர்க்யூட் வரையச் சொன்னால் வரைந்து விடலாம். கட்டுரை எழுதுவது அப்படியா? ஆனாலும் ஒரு மனிதரைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அவர் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெருப் பெயராகத்தான் தெரியும்!

பெரிய மார்க்கெட்டுக்கு ஒரு பக்கம் நேரு வீதி. மறு பக்கம் ரங்கப்பிள்ளை வீதி. செருப்பு வாங்கவும், நோட்டு வாங்கவும் எத்தனை தடவை போயிருப்போம்! யார் இந்த ரங்கப் பிள்ளை என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நானும் கேட்டதில்லை. முதல் வருடம் படிக்கும்போது நூலகத்தில் தற்செயலாக ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். அதிலிருந்து அவரை விட முடியவில்லை.

துபாசி என்றால் யார்?

'த்விபாஷி' என்ற வடமொழிச் சொல்தான் பேச்சில் தேய்ந்து துபாசி ஆனது. இரண்டு மொழி தெரிந்தவர் என்று பொருள். கப்பலில் வந்த வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. தறியில் துணி நெய்தவருக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுகிறவர்தான் துபாசி. விலை பேசுவது, கடன் வாங்கித் தருவது, நவாப்புக்குக் கடிதம் எழுதுவது, ஊர்ப் பஞ்சாயத்து பார்ப்பது எல்லாம் அவர் வேலைதான். சொல்லப் போனால் கவர்னருக்கு அவர்தான் காது, அவர்தான் வாய். ஊருக்கும் அவர்தான் காது, அவர்தான் வாய்.

சிறு வயதில் பார்த்த பாடம்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். அப்பா பெயர் திருவேங்கடம் பிள்ளை. அவருடைய மைத்துனர் நைனியப் பிள்ளை அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தார். அவர் கூப்பிட்டுத்தான் குடும்பம் இங்கே வந்தது.

வந்த இடத்தில் இடி விழுந்தது. 1716-இல் கவர்னர் எபேர் காலத்தில் நைனியப் பிள்ளையைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். விசாரணை நடந்தது வேற்று மொழியில். அவர் சொன்னது மொழி மாறிப் போய், எழுத்தில் ஏறி, தீர்ப்பாகத் திரும்பி வந்தது. கடை வீதியில் ஐம்பது கசையடி, மூன்று வருடச் சிறை, 8,888 வராகன் அபராதம். 1717-இல் சிறையிலேயே இறந்து போனார். அவருடைய மகன் குருவப் பிள்ளை கப்பலேறிப் பிரான்சுக்கே போனார். குடும்பம் விடாமல் நியாயம் கேட்டது. கடைசியில் நைனியப் பிள்ளை மேல் தப்பில்லை என்று ஆனது. ஆனால் போன உயிர் போனதுதானே!

மாமா கைதானபோது ஆனந்தரங்கர் சின்னப் பையன். பிற்காலத்தில் அவர் நடந்தது, பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்தாரே, அதற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றும். அவர் அப்படி எங்கும் சொல்லவில்லை. இது என் நினைப்பு மட்டும்தான்.

வியாபாரி ஆனார்

1726-இல் அப்பா இறந்து விட்டார். மகனின் திறமையைப் பார்த்த கவர்னர் லெனுவார், பரங்கிப்பேட்டையில் இருந்த பிரெஞ்சுப் பண்டகசாலைப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். துணி வியாபாரம் பெருகியது. 'ஆனந்தப்புரவி' என்று சொந்தமாகக் கப்பலே ஓட்டினார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

1742-இல் துய்ப்ளேக்ஸ் கவர்னராக வந்தார். அப்போது தலைமைத் துபாசி கனகராய முதலியார். ரெட்டியார்பாளையம் அந்திரேயர் கோயிலை 1745-இல் கட்டியவர் அவர்தான். 1746-இல் அவர் இறந்த பிறகு ஆனந்தரங்கப் பிள்ளையின் கைக்கு அந்த வேலை வந்தது. அதன் பிறகு அவர் தொட்டதெல்லாம் உயரம்தான். முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரை மன்சப் பட்டம் கொடுத்தார். கவர்னர் மாளிகை முற்றம் வரைக்கும் பல்லக்கில் போகலாம், தங்கப் பூண் போட்ட கைத்தடி பிடிக்கலாம் என்று மரியாதைகள் வந்தன. புலவர்கள் தேடி வந்து பாடினார்கள். தியாகராய தேசிகர் தமிழில் 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். சீனிவாச கவி வடமொழியில் 'ஆனந்தரங்க விஜய சம்பு' எழுதினார்.

இதோடு நின்றிருந்தால் அவரும் பத்தோடு பதினொன்றாக ஒரு பணக்காரர். நாம் பேச வேண்டிய அவசியமே இல்லை.

அந்த டைரி

1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6. நள வருஷம், ஆவணி மாதம். அன்றைக்கு ஆரம்பித்து, இடையிடையே விட்டாலும், சுமார் இருபத்து நாலு வருடம் அவர் நாட்குறிப்பு எழுதினார். 'தினப்படிச் செய்திக் குறிப்பு சொஸ்த லிகிதம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். சொந்தக் கையெழுத்து என்று பொருள். யாரும் எழுதச் சொல்லவில்லை. அச்சுப் போடும் எண்ணமும் இல்லை.

அதில் என்ன இல்லை! எந்தக் கப்பல் வந்தது, கோட்டையில் எத்தனை பீரங்கிக் குண்டு மரியாதை போட்டார்கள், அரிசி என்ன விலை, யார் வீட்டில் கல்யாணம், யார் யாருக்கு லஞ்சம் கொடுத்தார்கள், என்ன சகுனம் பார்த்தார் எல்லாமே இருக்கிறது. பிரெஞ்சு வார்த்தைகளைத் தன் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதினார். மிசியே என்பது 'முசே' ஆனது. பட்டாளத்துக்காரன் 'சொல்தா' ஆனான். நாம் இன்றைக்கும் கொம்யூன் பஞ்சாயத்து என்கிறோம், மேரி கட்டடம் என்கிறோம். செயிண்ட் பால் பெயரில் இருந்த மாதா கோயிலைச் சம்பா கோயில் என்கிறோம். அந்தக் காது நம் ஊருக்கு இன்னும் இருக்கிறது, இல்லீங்களா?

தேதியில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். பிரெஞ்சுக் காலண்டரில் அது செப்டம்பர் 21. ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10! ஆங்கிலேயர்கள் 1752 வரைக்கும் பழைய காலண்டரையே வைத்திருந்ததால் பதினொரு நாள் வித்தியாசம். நம்ம பஞ்சாங்கத்தில் அது அட்சய வருஷம், புரட்டாசி மாதம். ஒரே நாளுக்கு மூன்று கணக்கு. பிள்ளை தமிழ்த் தேதியையும் போட்டு, பிரெஞ்சுத் தேதியையும் போட்டு எழுதினார். துபாசி இல்லையா! தேதியைக் கூட இரண்டு மொழியில் வைத்திருந்தார்.

பெருமை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. அந்த டைரி ஒரு பெரிய வீட்டு மாடியிலிருந்து பார்த்த ஊர். கொத்துவேலைக்காரரும் கூலிக்காரரும் பெயர் சொல்ல வருவது குறைவு. எங்கள் குடும்பம் அந்தக் காலத்தில் எங்கே இருந்திருக்கும் என்று தேடினால், பெயர் இல்லாத கூட்டத்தில்தான் இருந்திருக்கும். ஆனாலும் அவர் எழுதியதால்தான் சிலது தெரிகிறது. ஏழை ஜனங்களை ஏமாற்றிப் பிடித்து அடிமையாகக் கப்பலேற்றிய கொடுமை அதில் இருக்கிறது. சம்பா கோயிலுக்குள் சாதிக்காக நடுவில் எழுப்பியிருந்த சுவரை 1745-இல் இடித்த செய்தியும் இருக்கிறது.

அவர் கையை மீறியது

1748-இல் ஆங்கிலேயர்கள் பாஸ்கவன் தலைமையில் வந்து புதுச்சேரியை முற்றுகை போட்டார்கள். ஊரில் குண்டு விழுந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். அந்த நேரத்தில், செப்டம்பர் மாதம், வேதபுரி ஈஸ்வரன் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். இப்போது நாம் கும்பிடும் ஈஸ்வரன் கோயில் பின்னால் கட்டியது. பல்லக்கும் தங்கக் கைத்தடியும் வைத்திருந்த தலைமைத் துபாசியால் அதைத் தடுக்க முடியவில்லை. அந்த வேதனையையும் எழுதினார், நம் ஜனங்கள் ஒற்றுமையாக நிற்காததையும் எழுதினார். நடுவில் நிற்பவனுக்குப் பேச்சு இருக்கும், அதிகாரம் இருக்காது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

1754-இல் துய்ப்ளேக்ஸைப் பிரான்சு திரும்ப அழைத்துக் கொண்டது. பிள்ளையின் செல்வாக்கும் குறைந்தது. பதவி போனது. உடம்பும் கெட்டது. 1760-இல் ஆங்கிலேயர்கள் மறுபடியும் ஊரை வளைத்தார்கள். 1761 ஜனவரியில், ஊர் விழுகிற சமயத்திலேயே, 51 வயதில் அவர் காலமானார். ஜனவரி 16-இல் புதுச்சேரி சரணடைந்தது. வெற்றி பெற்றவர்கள் வெள்ளையர் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை போனது. கவர்னர் மாளிகை போனது. நோட்டுகள் பிழைத்துக் கொண்டன!

1846-இல் கல்வா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். அவரும் ஏரியல் என்பவரும் எடுத்த படிகள் பாரீஸ் வரை போயின. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ்த் தொகுதிகள் 1948-இலிருந்துதான் வர ஆரம்பித்தன. தமிழன் தமிழில் எழுதியதை முதலில் இங்கிலீஷில் படிக்க வேண்டியிருந்தது, பார்த்தீர்களா! நம்ம ஊர் எழுத்தாளர் பிரபஞ்சன் இந்த டைரியை வைத்துத்தான் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களை எழுதினார். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது.

எனக்கு ஏன் அவர்?

எங்கள் அப்பா கொத்தனார். அம்மா கையெழுத்து மட்டும் போடுவார்கள். வீட்டிலேயே காலேஜ் படியேறியவன் நான்தான். அதனால் எங்கள் தெருவுக்கு நான்தான் துபாசி! பேங்க் பாரம், கரண்ட் பில், கோர்ட் நோட்டீஸ் எது வந்தாலும் என்னிடம் வரும். முதல் வருடம் பக்கத்து வீட்டு அத்தை ஒரு மருத்துவச் சீட்டைக் கொண்டு வந்து படிக்கச் சொன்னார். அதில் ஒரு வரி எனக்குப் புரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். காலேஜ் பையன் ஆச்சே! ஒன்றுமில்லை அத்தை, மாத்திரையைப் போட்டுக்கோங்க என்று சொல்லி அனுப்பி விட்டேன். ஒரு வாரத்தில் மறுபடியும் வந்து காட்ட வேண்டும் என்பதுதான் அந்த வரி. அத்தை போனது மூன்று வாரம் கழித்து, காலில் புண் பெரிதான பிறகு. இப்போது நன்றாக இருக்கிறார். என் மேல் கோபம் கூட இல்லை. அவருக்கு நான் தப்பாகச் சொன்னதே தெரியாது. நானும் இதுவரை சொல்லவில்லை. இந்த மலரைக் கொண்டு போய் அவருக்குப் படித்துக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

நைனியப் பிள்ளை கதையைப் படித்தபோது எனக்கு அந்தச் சீட்டுதான் ஞாபகம் வந்தது. நடுவில் இருப்பவன் ஒரு வரியை மாற்றினால் ஒருவர் வாழ்க்கை மாறிப் போகும். இரண்டு பக்கமும் நம்மை நம்பித்தானே நிற்கிறார்கள்?

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். இடது பக்கம் புரியாத ஆங்கில வார்த்தை. வலது பக்கம் கேட்டுத் தெரிந்து கொண்ட தமிழ். மேலே தேதி. லேப்பில் கேட்டது, வைவாவில் முழித்தது, அப்பா வேலை செய்யும் இடத்தில் என்ன கூலி, தக்காளி என்ன விலை எல்லாம் எழுதுகிறேன். புரியாவிட்டால் இப்போதெல்லாம் தெரியாது என்றே சொல்லிவிட்டு, கேட்டு வந்து சொல்கிறேன்.

நண்பர்களே! நம்மில் பாதிப் பேர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். நாம் எல்லோரும் துபாசிகள்தான். படித்ததை வீட்டுக்குச் சரியாகச் சொல்வோம். வீட்டில் பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வைப்போம். பெரிய வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எழுதி வைத்து விட்டார். நம்ம வீட்டுத் திண்ணையிலிருந்து எழுத நாம்தானே இருக்கிறோம்?

அடுத்த தடவை நேரு வீதியில் நடக்கும்போது ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். அதற்கு முன்பு துய்ப்ளேக்ஸ் வீதி என்று பெயர். கவர்னர் பெயர் தெருவிலிருந்து போய் விட்டது. துபாசி பெயர் பக்கத்துத் தெருவில் அப்படியே இருக்கிறது. அங்கே அவருடைய பழைய வீடும் இருக்கிறது. கீழே நம்ம ஊர் மரத்தூண், மேலே பிரெஞ்சு மோஸ்தரில் காரைத்தூண். வீட்டையும் இரண்டு மொழியில் கட்டி விட்டார் மனிதர்! ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை