பாடசாலை முகாமையாளர் விபுலாநந்த அடிகளார்

சுவாமி விபுலாநந்தரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் யாழ்நூலில் தொடங்கி யாழ்நூலிலேயே முடித்து விடுகின்றனர். முத்தமிழ் வித்தகர் என்ற புகழ் அவரது ஏனைய பணிகளை மறைத்து நிற்கின்றது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் அவரே என்பது பாடசாலை மாணவருக்கும் தெரியும். ஆனால் கிழக்கு மாகாணத்தில் ஒரு பாடசாலைத் தொகுதியையே பொறுப்பேற்று நடத்திய முகாமையாளராக அவர் விளங்கினார் என்பதைக் கல்வித் துறையில் இருப்போர்கூட அதிகம் பேசுவதில்லை.

அக்காலத்து முகாமையாளர் என்பவர் யார் என்பதை இன்றைய வாசகருக்குச் சற்று விளக்க வேண்டியுள்ளது. பிரித்தானிய ஆட்சியில் நாட்டின் பாடசாலைகளில் பெரும் பங்கு அரசாங்கத்தின் உதவி நன்கொடை பெற்று மதச் சபைகளாலும் சங்கங்களாலும் நடத்தப்பட்டது. காணி தேடுவது, கட்டடம் எழுப்புவது, தளபாடம் சேர்ப்பது, ஆசிரியரை நியமிப்பது யாவும் முகாமையாளரின் தலையில் விழுந்தன. பரிசோதகர் வந்து பார்த்துத் திருப்தியடைந்த பின்னரே அரசாங்கப் பணம் கிடைக்கும். இன்றைய வலயக் கல்விப் பணிப்பாளரின் சுமையோடு ஊர் ஊராகச் சென்று பணம் திரட்டும் சுமையும் சேர்ந்ததே அந்தப் பதவி.

1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காரைதீவில் சாமித்தம்பிக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்த மயில்வாகனம், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பயின்று பதினாறாவது வயதில் கேம்பிரிட்ஜ் சிரேஷ்ட பரீட்சையில் சித்தியடைந்தார். பின்பு கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும், அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் அவருக்குக் கிட்டின. விஞ்ஞானமும் தமிழும் ஒருவரிடத்திலே இப்படி ஒருசேர வந்து அமைவது எக்காலத்திலும் அரிது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகக் கடமையாற்றிக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக அழைத்தது.

வயது முப்பதை எட்டுமுன் கல்லூரி அதிபர் பதவி. அக்காலத் தமிழ்ச் சமூகத்தில் அதற்கிருந்த மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. அதை உதறிவிட்டு 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவறம் பூண்டு விபுலாநந்தர் ஆனார். அடுத்த ஆண்டு தாயகம் திரும்பியவரிடம் மிஷன் தனது பாடசாலைப் பணியை ஒப்படைத்தது. துறவிக்கு இப்படியொரு இல்லறம் வாய்த்ததை விதி என்பதா, வேடிக்கை என்பதா!

திரும்பி வந்தவர் முதலில் எதைச் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு பெருங்கல்லூரியைக் கட்டித் தன் பெயரை நிலைநாட்டுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். பட்டம் இருந்தது, மிஷனின் பெயர் இருந்தது, நன்கொடை தர ஆயத்தமான செல்வந்தரும் இருந்தனர். அவரோ கிராமத்துச் சிறு பாடசாலைகளையே முதலில் கையிலெடுத்தார். அதையடுத்து அநாதைப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் மாணவர் இல்லம் ஒன்றை யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஏற்படுத்தினார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது 1929இல்தான். அவ்வேளை மாணவர் இல்லமும் கல்லடிக்கு வந்து சேர்ந்தது.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. அன்று சுயமொழிப் பாடசாலையில் கட்டணமில்லை. ஆங்கிலப் பாடசாலையில் கட்டணம் உண்டு. உத்தியோகம் ஆங்கிலம் படித்தவனுக்கே. கண்ணங்கராவின் இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வரும்வரை நிலைமை இதுவே. வயலோரத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு உயர்தரக் கல்லூரியின் வாசல் திறந்திருந்தாலும், அங்கே தங்கவும் உண்ணவும் வழியில்லையேல் அந்த வாசலால் பயனில்லை. மாணவர் இல்லத்தை வித்தியாலயத்தின் அருகே அமைத்த முகாமையாளருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலத்தில் காரைதீவிலும் கல்லடியிலும் அவர்களுக்கெனத் தனிப் பாடசாலைகளை மிஷன் நடத்தியதும் இதே நோக்கினால்தான். திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. எனினும் பெரிய கல்லூரிகளுக்காகச் சிறிய பாடசாலைகளை அவர் கைவிடவில்லை.

கற்பிக்கும் மொழி பற்றிய அக்கறை அவருக்கு மேடைப் பேச்சோடு முடிந்த ஒன்றல்ல. விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டுமாயின் முதலில் சொற்கள் வேண்டும் என்பதை வகுப்பறையில் நின்றவர் என்ற வகையில் அவர் அறிந்திருந்தார். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இரசாயனம், பௌதிகம், கணிதம் முதலான துறைகளுக்கான சொற்கள் இரண்டாண்டுகளில் நூலாக வெளிவந்தன. பிற்காலத்தில் இலங்கையில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்ற தலைமுறைகள் இம்முயற்சிக்குப் பட்ட கடன் பெரிது.

முஸ்லிம் வாசகர்கள் இவ்விடத்தில் ஒன்றைக் கேட்கலாம். இந்துத் துறவி ஒருவர் நடத்திய பாடசாலைகளில் எமக்கு என்ன பங்கு? நியாயமான கேள்வி. மதச் சபைகள் வழியே கல்வி வளர்ந்த அந்த முறையில், தனக்கெனச் சங்கமும் முகாமையாளரும் அமையாத சமூகம் பின்தங்கியே நின்றது. கிழக்கின் முஸ்லிம் கிராமங்கள் அதற்குச் சான்று. இக்குறையை அடிகளார் தனியே நீக்கியிருக்க முடியாது. ஆயினும் அவர் பிறந்த காரைதீவுக்கு வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூரும் உள்ளன. முஸ்லிம் மக்களோடு வயலும் சந்தையும் பகிர்ந்து வளர்ந்த ஊரின் பிள்ளை அவர்.

யாழ்ப்பாணத்தில் மிஷன் நடத்திய வைத்தீஸ்வர வித்தியாலயத்தில் 1920களின் தொடக்கத்தில் ஒரு முஸ்லிம் சிறுவன் படித்தான். பின்னாளில் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸே அச்சிறுவன். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தபோது அஸீஸுக்கு அடிகளாரோடு நெருங்கிய நட்பு ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. யுத்தகால உணவு உற்பத்திக்காக அனுப்பப்பட்ட உத்தியோகத்தர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியதற்கு அவ்வூர்களின் வறுமையும் காரணம், இத்தகைய நட்புகளும் காரணம் எனலாம்.

அடிகளாரின் முகாமைத்துவம் குறையற்றது என்று சொல்வது வரலாறாகாது. 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அங்கும் மாலைவேளைகளில் அருகிலிருந்த சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்து மேட்டுக்குடியினரின் முகச்சுளிப்பைச் சம்பாதித்தார் என்பது வேறு விடயம். 1939இல் இமயமலையிலுள்ள மாயாவதிக்குச் சென்று பிரபுத்த பாரத இதழின் ஆசிரியரானார். இடையிடையே யாழ்நூல் ஆராய்ச்சி. பாடசாலைகள் அவரது முழு நேரத்தையும் வேண்டின. அவர் அதைக் கொடுக்கவில்லை. ஆனால் அவர் இல்லாத ஆண்டுகளிலும் பாடசாலைகள் மூடப்படவில்லை. காரைதீவைச் சேர்ந்த சுவாமி நடராஜானந்தர் போன்றோர் அந்தப் பொறுப்பைத் தாங்கினர். தாம் இல்லாதபோதும் நடக்கக்கூடிய ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் போவதும் தலைமைத்துவத்தின் ஒரு பகுதியே. ஓர் அதிபர் ஓய்வுபெற்றதும் பாடசாலையே சரிந்துவிடுவதை நாம் இன்று எத்தனை ஊர்களில் காண்கின்றோம்!

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னர் மிஷனின் பாடசாலைகளும் அரசாங்கத்தின் வசமாயின. இருபதுக்கும் மேற்பட்ட அப்பாடசாலைகள் அன்று முதல் பொதுச் சொத்து. காரைதீவும் நிந்தவூரும் சாய்ந்தமருதும் இன்று ஒரே கல்முனைக் கல்வி வலயத்தின் கோட்டங்கள். தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் ஆசிரியரை ஒதுக்கும் பேனா ஒரே மேசையில் இருக்கின்றது. அந்த மேசைக்கு முன்னால் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியும் நகரப் பாடசாலைகளின் பெறுபேறும் முதலில் வைக்கப்படுகின்றன. கணித ஆசிரியர் இல்லாத கடற்கரைப் பாடசாலையின் விண்ணப்பம் கட்டின் அடியில் கிடக்கின்றது. அடிகளார் இருந்திருந்தால் அக்கட்டை அடியிலிருந்து புரட்டத் தொடங்கியிருப்பார்.

1943இல் பல்கலைக்கழகப் பேராசிரியப் பதவியை ஏற்றுக் கொழும்புக்கு வந்த அவரது உடல்நலம் அப்போதே குன்றத் தொடங்கியிருந்தது. யாழ்நூல் 1947 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி கொழும்பில் அடிகளார் மறைந்தார். உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டு அஸீஸ் சிவில் சேவையிலிருந்து விலகி, கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார்.