சுமை இறங்கிய இடம்: எச். ஏ. கிருட்டிணபிள்ளையின் வாழ்வு

பாவம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கொலையும் களவுமே பலர்க்கும் நினைவில் எழும். அவற்றைச் செய்யாதவர் தம்மை நல்லவர் என எண்ணி அமைதி கொள்வது உலக இயல்பு. ஆயின், ஊரார் சுட்டிக் காட்டத்தக்க குற்றம் ஏதுமில்லாத ஒரு தமிழ்ப் புலவர், தம் நெஞ்சத்தைத் தாமே ஆராய்ந்து, இறைவனிடம் மன்னிப்பு வேண்டி நின்றார். அந்த அனுபவத்தையே பின்னாளில் பெருங்காப்பியமாக்கித் தமிழுக்கு வழங்கினார். அவரே கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்பெறும் எச். ஏ. கிருட்டிணபிள்ளை.

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில், 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவ நெறியில் ஊன்றிய குடும்பம் அது. கம்பராமாயணத்தில் தோய்ந்த தந்தையாரின் வாய்மொழியே மகனுக்கு முதற் பள்ளியாயிற்று. இலக்கண இலக்கியங்களில் தேர்ச்சி பெற்ற கிருட்டிணபிள்ளை, 1853இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியரானார். அவருடைய புலமையை மதித்தவர்களுள் அறிஞர் கால்டுவெல்லும் ஒருவர். வைணவராகவே அப்பணியை ஏற்ற அவர்க்கு அப்போது சமயம் மாறும் எண்ணம் இல்லை.

நாளடைவில் அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி முளைத்தது. நண்பர் தனக்கோடி ராஜு கிறித்தவ நெறியைத் தழுவியமையும், அந்நெறி பற்றிய நூல்களைக் கற்க நேர்ந்தமையும் அக்கேள்வியை வளர்த்தன. அவ்வகையில் அவர் கற்ற நூல்களுள் ஒன்று ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் எழுதி 1678இல் வெளிவந்த மோட்சப் பயணக் கதை. முதுகில் பெருஞ்சுமையோடு ஒருவன் தன் நகரை விட்டு ஓடுகிறான். அச்சுமையே பாவம். நல்லொழுக்கத்தால் அதனை எளிதில் இறக்கிவிடலாம் என்று உலகியல் அறிந்த ஒருவர் அவனுக்கு வழி சொல்கிறார். அவ்வழியே சென்றவன் தலைமேல் மலையே சாய்ந்துவிடுமோ என அஞ்சி நிற்கிறான். சுமையும் முன்னிலும் கனக்கிறது. ஒழுக்கத்திலும் கல்வியிலும் குறைவற்ற ஒருவரை இக்கதை தைத்ததில் வியப்பில்லை. நல்லவன் என்ற பெயரே நெஞ்சின் சுமையை இறக்கிவிடாது என்பதை அது அவர்க்கு உணர்த்தியது.

பழவேற்காட்டு ஏரிக்கரையில், பசியாவரம் போன்ற மீனவ ஊர்களில் வாழ்வோர்க்கு இதனை நீட்டி விளக்க வேண்டுவதில்லை. ஏரியைக் கடலோடு இணைக்கும் முகத்துவாரம் ஒரே நாளில் அடைபடுவதில்லை. மணல் சிறிது சிறிதாகச் சேர்ந்து தூர்க்கிறது, கடல்நீரின் வரவு குறைகிறது, மீன்வளம் குன்றுகிறது. கரையில் நிற்பவர் கண்ணுக்கு ஏரி முன்போலவே விரிந்து கிடக்கும். பாவமும் இத்தகையதே. செருக்கும் பொறாமையும் அன்பின்மையும் மெல்லப் படிந்து, இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள வழியை அடைத்துவிடுகின்றன. அவ்வடைப்பை உணர்ந்து வழி திறக்க வேண்டுவதே மனந்திரும்புதல்.

1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், சென்னை மயிலாப்பூரில் உள்ள தூய தாமசு ஆலயத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். அப்போது அவர்க்கு வயது 30. பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் நிகழ்ந்த அச்சடங்கு, வைணவப் பற்று மிக்க சுற்றத்தார்க்குப் பெருந்துயர் தந்தது. ஆயினும் பழைய நெறி ஊட்டிய தமிழை அவர் உதறிவிடவில்லை. கம்பனின் நடையும், ஆழ்வார்களும் நாயன்மார்களும் தம் சிறுமையை எண்ணி உருகிய பாங்கும் அவர் பாடல்களில் புதுவாழ்வு பெற்றன. இரட்சணிய மனோகரமும் போற்றித் திருவகவலும் அதற்குச் சான்றாவன.

பனியனின் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், 13 ஆண்டுகள் நற்போதகம் என்னும் இதழில் தொடராக வெளிவந்து, 1894இல் நூலுருப் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பகுதிகளும் 3,766 பாடல்களும் கொண்டது அந்நூல். மூலக் கதையில் பயணியின் சுமை சிலுவையின் முன் தானே கழன்று வீழ்கிறது. அச்சிலுவையின் வரலாற்றைப் பனியன் விரித்துரைக்கவில்லை. கிருட்டிணபிள்ளையோ இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடிச் சேர்த்தார். மாசற்றவரைக் கொடியோர் துன்புறுத்தக் கண்டவர்கள், வானம் இடிந்து வீழாதது ஏன், நிலம் வெடிக்காதது ஏன் எனக் கலங்குகின்றனர். ஆனால் துன்புறுபவரோ, தம்மை வதைப்போரின் அறியாமைக்கு இரங்கி, அவர்களை மன்னிக்குமாறு வேண்டுகிறார். தண்டனையை எதிர்பார்க்கும் உலகத்தின் நடுவே மன்னிப்பு எத்துணை அரியது என்பதை இப்பகுதி புலப்படுத்துகிறது.

ஈண்டு மற்றொன்றும் நினைத்தற்குரியது. சுமை வீழ்ந்தவுடன் பயணம் முடிந்துவிடவில்லை. கடினமான மலையும் மாயச் சந்தையும் அதன்பின்னரே வருகின்றன. மன்னிப்புப் பெற்ற பயணியே பின்னொரு நாள் எளிய வழியை நாடித் தடம் மாறி, அவநம்பிக்கை என்னும் அரக்கனின் சிறையில் அகப்படுகிறான். இறைவாக்கு என்னும் திறவுகோல் தன் நெஞ்சிலேயே இருந்ததை நினைந்து அவன் மீள்கிறான். ஒருமுறை திருந்தியவர் மீண்டும் தவறலாம். தவறியவர் மீண்டும் திரும்பலாம். கிறித்தவ வாழ்வில் மனந்திரும்புதல் ஒருநாள் நிகழ்ச்சியன்று; வாழ்நாள் முழுதும் தொடரும் நடை அது.

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் கிருட்டிணபிள்ளை மறைந்தார். பிறர் குற்றங்களை எண்ணுவதற்கு முன் தம் நெஞ்சை ஆராய்ந்தவர் அவர்; தாம் பெற்ற மன்னிப்பைத் தமக்குள் பூட்டி வைக்காமல் தமிழ் கற்போர் அனைவர்க்கும் உரியதாக்கியவர். மன்னிப்புப் பெற்றவர் பிறரை மன்னிக்கக் கடமைப்பட்டவர் என்பதே அவர்தம் வாழ்வும் காப்பியமும் நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.