குருதியின் புதிரை அவிழ்த்த மேதை

19ஆம் நூற்றாண்டில் ஒருவர் இரத்தத்தை மற்றொருவருக்கு ஏற்றுவது சூதாட்டம் போன்றது. சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. அப்புதிரை அவிழ்த்தவர் கார்ல் லேண்ட்ஸ்டைனர்.

1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல், ஆறு வயதில் தந்தையை இழந்தார். தாயே அவரை வளர்த்து ஆளாக்கினார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோருக்கு அத்தாயின் அருமை எளிதில் விளங்கும். 1891இல் வியன்னாவில் மருத்துவப் பட்டம் பெற்றும் அவர் அதோடு நிற்கவில்லை. எமில் ஃபிஷர் முதலிய அறிஞர்களிடம் வேதியியல் பயின்றார்.

பின்னர், தம் இரத்தத்தையும் உடன் பணியாற்றியோர் இரத்தத்தையும் எடுத்து, ஒவ்வொருவரின் சீரத்திலும் மற்றவரின் சிவப்பணுக்களைக் கலந்து பார்த்தார். சில கலவைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. இது நோயின் விளைவன்று, மனிதரின் இயல்பே என்று தெளிந்து, 1901இல் மூன்று இரத்தப் பிரிவுகளை அறிவித்தார். அவையே இன்றைய ஏ, பி, ஓ. மறு ஆண்டே அவர் சகாக்கள் ஏபி பிரிவைக் கண்டனர். இப்பிரிவுகள் பெற்றோர் வழி வருபவை என்பதை 1910இல் டுங்கெர்ன், ஹிர்ஷ்ஃபெல்ட் இருவரும் காட்டினர்.

1930இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1940இல் வீனருடன் இணைந்து ஆர்.எச். காரணியை வெளியிட்டார். 1943 ஜூனில், நியூயார்க் ஆய்வுக்கூடத்தில் பணியிலிருந்தபோதே மாரடைப்புக்கு ஆளாகி, இரு நாள்களில் மறைந்தார்.

அவர் கண்ட ஏ, பி பொருள்கள் குருதியில் மட்டும் இல்லை. பெரும்பாலோரின் உமிழ்நீரிலும் அவை சுரக்கின்றன. வாயின் உட்சவ்விலும் உள்ளன. ஆகவே, ஈறு நோய்க்கும் பற்சொத்தைக்கும் இரத்தப் பிரிவுக்கும் தொடர்புண்டா என ஆய்வாளர் பலர் தேடினர். முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆனால், பல்லில் படியும் கிருமிப்படலம் ஈறைக் கெடுக்கும். இனிப்பு பல்லை அரிக்கும். புகையிலை வாய்ப் புற்றுநோயைத் தரும் என்பவை உறுதியானவை.

நண்பர்களே! நம் இரத்தப் பிரிவு பெற்றோர் தந்தது. அதை மாற்ற இயலாது. பல் துலக்குவதும் புகையிலையை விலக்குவதும் நம் கையில் உள்ளவை. ஒவ்வொரு துளியையும் சோதித்த பின்னரே முடிவு சொன்னார் லேண்ட்ஸ்டைனர். பிரிவின் பெயரை மட்டும் கேட்டு ஒருவருக்கு வரப்போகும் நோயைக் கணிப்பது அவர் காட்டிய வழியன்று.