கே. சி. எஸ். பணிக்கர்

கே. சி. எஸ். பணிக்கர் (மே 1911 – சனவரி 1977) சென்னையில் வாழ்ந்து பணியாற்றிய புகழ்பெற்ற இந்திய ஓவியரும் கலை ஆசிரியரும் ஆவார். இவரது முழுப்பெயர் கோவலெழி சீரம்பத்தூர் சங்கரன் பணிக்கர் என்பதாகும். சென்னை அரசினர் கலை, கைத்தொழிற் பள்ளியின் முதல்வராகப் பணியாற்றியவர். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் அமைந்துள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர். கணக்குக் குறிப்பேட்டின் தாள், சாதகக் கட்டம், ஓலைச்சுவடி போன்று யாரும் ஓவியமாகக் கருதாத பரப்புகளிலிருந்து இவர் உருவாக்கிய "சொற்களும் குறியீடுகளும்" என்னும் ஓவிய வரிசை, இருபதாம் நூற்றாண்டுத் தென்னிந்திய ஓவியத்தின் போக்கை மாற்றிய ஆக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இளமை

பணிக்கர் கொங்கு நாட்டின் கோயம்புத்தூரில், மலையாளக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறு வயதின் ஒரு பகுதியைக் கேரளத்தின் பொன்னானியை அடுத்த வெளியங்கோடு என்னும் சிற்றூரில் கழித்தார். அவ்வூரின் பசுமையும் நீர்நிலைகளும் இவரது தொடக்க கால இயற்கைக் காட்சி ஓவியங்களில் காணப்படுகின்றன. பதினேழாவது வயதிலேயே சென்னையில் நடந்த ஆண்டுக் கண்காட்சி ஒன்றில் இவரது ஓவியங்கள் இடம்பெற்றன.

தந்தை இறந்தபின் குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு இவர்மீது விழுந்தது. பதினெட்டு வயதில் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். (தந்தி குறிகளால் செய்தி அனுப்பும் முறை. அதனோடு இவரது பிற்காலக் குறியீட்டு ஓவியங்களை முடிச்சுப் போடும் ஆவல் எழலாம். ஆனால் இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துள்ளன என்பதை மறந்துவிடலாகாது.) ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1936-ல், சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது பள்ளியின் முதல்வராக இருந்தவர் வங்காளச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. படிப்பை முடித்ததும் பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1957-ல் ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வர் பொறுப்பை ஏற்று, 1967 வரை அப்பதவியில் இருந்தார்.

தேடல்

1944-ல் பணிக்கர் தம் நண்பர்களுடன் இணைந்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் இந்திய ஓவியர் முன் இரண்டு வழிகளே இருந்தன எனலாம். ஒன்று, ஆங்கிலேயர் கற்பித்த உருவ ஓவிய முறை. மற்றொன்று, பழைய சிற்றோவியங்களையும் அசந்தாவையும் பின்பற்றிய வங்காளப் பாணி. இரண்டிலும் பணிக்கருக்கு நிறைவு ஏற்படவில்லை. 1954-ல் இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிப்படுத்தினார். அப்பயணத்தில் ஐரோப்பாவின் புதிய ஓவியங்களை நேரில் கண்டது, தாம் வரைவதில் தம் மண்ணுக்குரியது எது என்ற கேள்வியை அவருள் கூர்மையாக்கியது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் வரைந்த தோட்ட ஓவியங்களில் வான் கோவின் சாயல் தெரிகிறது. அவை அழகான ஓவியங்கள். எனினும் அக்கேள்விக்கு அவை விடையாகவில்லை.

சொற்களும் குறியீடுகளும்

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1963 அளவில், கணிதம் பயிலும் மாணவர் ஒருவரின் குறிப்பேட்டுத் தாள் பணிக்கரின் கண்ணில் பட்டது. எண்கள், உரோமன் எழுத்துகள், இயற்கணித வரிகள், இடையிடையே வடிவங்கள் என அத்தாள் நிறைந்திருந்தது. மாணவருக்கு அது வீட்டுப்பாடம். பணிக்கரோ அதன் பொருளை விட்டுவிட்டு அதன் தோற்றத்தைப் பார்த்தார். எழுத்து நெருங்கும் இடமும் வெள்ளை விட்ட இடமும் சேர்ந்து ஓர் ஓவியத்தின் அமைப்பைப் பெற்றிருப்பதைக் கண்டார்.

முதலில் உரோமன் எழுத்துகளையும் கணிதக் குறிகளையும் கொண்டே வரைந்தார். சில காலத்தில் உரோமன் எழுத்தைக் கைவிட்டு, மலையாள எழுத்தை ஒத்த வரிவடிவத்துக்கு மாறினார். சாதகக் கட்டங்கள் ஓவியங்களுக்குள் வந்தன. தென்னிந்தியச் சாதகக் கட்டம் நடுவில் வெற்றிடமும் சுற்றிலும் பன்னிரண்டு வீடுகளும் கொண்ட சதுரம்; நம் வீடுகளில் பெட்டியின் அடியில் மஞ்சள் தடவிய தாளில் கிடப்பது. அதனுடன் முக்கோணங்களும் மீன், பறவை, பாம்பு போன்ற உருவங்களும் சேர்ந்தன. முழுப் பரப்பும் ஓலைச்சுவடியைப் போல நுண்ணிய வரிகளால் நிரம்பியது.

இவ்வோவியங்களில் உள்ள எழுத்தைப் படிக்க முடியாது. மலையாளம் அறிந்தவர் அருகில் சென்று எழுத்துக் கூட்டினாலும் சொல் எதுவும் கிடைக்காது. கட்டங்களைக் கொண்டு யாருக்கும் பலன் சொல்லவும் இயலாது. இவற்றில் மறைபொருளைத் தேடுவோர் உண்டு. ஆனால், படித்துப் பொருள் அறியும் பழக்கத்தை நிறுத்தி, எழுத்தைக் கோடாகவே பார்க்கச் செய்வதுதான் பணிக்கரின் நோக்கம் எனக் கொள்வதே பொருத்தமாகும். இவ்வரிசையை அவர் தம் இறுதிக்காலம் வரை தொடர்ந்தார்.

புறக்கணிக்கப்பட்ட பரப்பில் ஓவியம் காண்பது புதிதன்று. கறை படிந்த சுவர்களை உற்று நோக்கினால் மலைகளும் போர்க்களங்களும் தோன்றும் என்று லியொனார்டோ டா வின்சி மாணவர்க்கு எழுதி வைத்தார். இரவீந்திரநாத் தாகூர் தம் கையெழுத்துப் படிகளில் அடித்த அடித்தல்களை இணைத்து உருவங்களாக்கி, அதன் வழியாகவே ஓவியரானார். எனினும் தாகூரின் அடித்தல்கள் அவருடையவை. பணிக்கர் கண்டதோ பிறர் தம் தேவைக்கு எழுதி மறந்த தாள்.

சோழமண்டலம்

அறுபதுகளில் சென்னையில் ஓவியம் வாங்குவோர் மிகச் சிலரே. கலைப் பள்ளியில் தேறிய மாணவர்கள் பிழைப்புக்காக வேறு வேலைகளைத் தேடினர்; சிலர் கைத்தறித் துணிகளுக்கு வடிவம் வரையும் பணிக்குச் சென்றனர். திறமை மிக்கவர்கள் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதைப் பணிக்கர் கண்முன் கண்டார். இதற்கு அவர் கண்ட தீர்வு நடைமுறை சார்ந்தது. ஓவியர்கள் மெழுகுச் சாயமிட்ட பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. கைவினையால் உணவு, மீதி நேரத்தில் தம் விருப்பப்படி ஓவியம் என்பதே ஏற்பாடு. அரசின் கொடையையோ செல்வரின் ஆதரவையோ நம்பாமல் தொடங்கிய இக்கிராமம் நிலைத்ததே பணிக்கரின் பெரிய வெற்றி எனக் கூறுவோர் உளர்.

வாசுதேவ், சேனாதிபதி, கோபிநாத், அரிதாசன் முதலியோர் இங்கு வாழ்ந்து பணியாற்றிய கலைஞர்களுள் சிலர். பணிக்கரின் மகன் நந்தகோபாலும் (இறப்பு 2017) இங்கேயே உலோகச் சிற்பியாக விளங்கினார். அன்று ஆளரவமற்ற மணற்பரப்பாக இருந்த ஈஞ்சம்பாக்கம் 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. கிராம வளாகத்தில் 2009-ல் திறக்கப்பட்ட தற்காலக் கலை மையத்தில் சென்னைக் கலை இயக்கத்தைச் சேர்ந்தோரின் ஆக்கங்கள் வைக்கப்பட்டுள்ளன. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலும் பணிக்கரின் ஓவியங்களுக்கெனத் தனிக் காட்சிக்கூடம் உண்டு. அவரது தொடக்க கால நீர்வண்ண இயற்கைக் காட்சிகளையும் இறுதிக்கால எழுத்து ஓவியங்களையும் ஒருசேரக் காண விரும்பும் மாணவர்கள் அங்குச் செல்லலாம்.