மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

பரிமள ரங்கநாதன் பள்ளிகொண்டருளும் திருஇந்தளூரைத் தன்னகத்தே கொண்ட மாயூரத்தில், 19ஆம் நூற்றாண்டில் நியாயாசனத்தில் வீற்றிருந்தவர் ச. வேதநாயகம் பிள்ளையவர்கள். கிறிஸ்தவ மதத்தினராயினும் எம்மதத்தினரும் தம்மவரென்றே கொண்டாடிய இப்பெரியாரின் சரிதையை அன்பர்களுக்குச் சிறிது விண்ணப்பிக்க அடியேன் முற்படுகின்றேன்.

திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் சவரிமுத்துப் பிள்ளையின் புதல்வராய் அவதரித்தார். தமிழும் ஆங்கிலமும் கற்று, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் அமர்ந்தார். 1857இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார்; சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்து 1872இல் ஓய்வு பெற்றார்.

அக்காலத்து நீதிமன்றங்களில் வழக்கின் போக்கை அறியாதவன் வழக்காளி ஒருவனே! தன் நிலமும் மானமும் எப்பாஷையில் தீர்மானிக்கப்படுகின்றன என்பதுகூட அவனுக்கு விளங்காது. ஸ்தோத்திரத்தின் பொருளுணராமல் கைகூப்பி நிற்பவனுக்குப் பகவானுடைய கிருபையேனும் உண்டு. தீர்ப்பின் பொருளுணராதவனுக்கு யாது துணை? இக்குறையைப் பிள்ளையவர்கள் பொறுத்திலர். சென்னை சதர் நீதிமன்றத்தில் 1805 முதல் 1861 வரை வெளியான தீர்ப்புக்களைத் திரட்டித் தமிழாக்கி, 1862இல் சித்தாந்த சங்கிரகம் என அச்சேற்றினார். தமிழின் முதல் நாவலென்று போற்றப்பெறும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்டபொழுதும் இக்கவலை அவரை விட்டபாடில்லை. தமிழறிந்த வக்கீல்கள் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஆங்கிலத்திலே வாதிடும் விநோதத்தை, கதையின் ஓட்டம் தடைப்படுமே என்றும் பாராமல், அதில் நகைத்துக் கண்டித்திருக்கின்றார்.

1859இல் வெளிவந்த நீதிநூலில் கைக்கூலி வாங்குவோரைச் செய்யுளால் சாடினார். பெண்மதி மாலையில் பெண்கல்வியை வற்புறுத்தினார். திருவாவடுதுறை மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடு அவர் கொண்டிருந்த நட்பு ஊரறிந்தது. 1878இல் வந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைப் பற்றி ஒரு வார்த்தை: எம்மதத்து பக்தனும் தன் தெய்வத்தை எண்ணிப் பாடலாம், பாகவதர்கள் கச்சேரிகளிலும் பாடியிருக்கின்றனர்.

1876ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் பசியால் மடிந்தனர். பதவியேதும் ஏவாதிருக்கவும், பிள்ளையவர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். அவ்வீகையைக் கண்டு நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது கீர்த்தனை இயற்றினார். சிவபக்தியிலே ஊறிய அந்த நாவு மனிதரைப் பாடியது அரிதினும் அரிது. 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் பிள்ளையவர்கள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.