சென்னைத் தேசாதிபதி எலிகு யேல்

ஹந்தானைச் சாரலிற் கல்வி பயின்றோரும் பயில்வோரும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டிருப்பர். அப்பெயர் தமிழகக் கடற்கரையிற் பொருளீட்டிய ஓர் ஆங்கிலேயருடையது என்பதை அறிந்தோர் சிலரே.

எலிகு யேல் 1649 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆம் நாள் பொஸ்ரன் நகரிற் பிறந்தார். அவர் குடும்பம் நியூ ஹேவன் என்னும் சிறு குடியேற்றத்தோடு தொடர்புடையது. இங்கிலாந்துத் திருச்சபை போதிய தூய்மை பெறவில்லையெனப் பிணங்கிய பியூரித்தானியர், யோன் டவன்போட் என்னும் போதகரையும் தியோபிலசு ஈற்றன் என்னும் வணிகரையும் தலைவராகக் கொண்டு 1638 இல் அதனை நிறுவினர். ஈற்றன், யேலின் பாட்டியாரை மறுமணம் புரிந்தவர். சபை உறுப்பினரன்றிப் பிறர்க்கு அங்கே வாக்குரிமை இல்லை. வேதாகமத்திற் காணப்படாமையால் யூரி முறையும் இல்லை. ஆளுநரின் மனைவியாகிய அப்பாட்டியாரே, குழந்தைகளுக்கு ஞானஸ்நானஞ் செய்வதை ஏற்க மறுத்துச் சபையினின்று நீக்கப்பட்டார் எனின், அவ்வூரின் கடுமையை விரித்துரைத்தல் வேண்டா. முதலாம் சாள்சு மன்னனுக்கு மரணதண்டனை விதித்த நீதிபதிகள் இருவருக்கு 1661 இல் அடைக்கலமளித்த அக்குடியேற்றம், 1665 இற் கனெற்றிக்கட்டுடன் இணைந்து மறைந்தது.

யேலோ மூன்று வயதிலேயே பெற்றோருடன் இங்கிலாந்து சென்றார். பின்னர் அமெரிக்க மண்ணை மிதித்திலர். 1672 இற் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக் கோட்டையை அடைந்தார். 1680 இற் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்தில் நிகழ்ந்த முதலாவது திருமணம் அவருடையதே. 1687 முதல் 1692 வரை தேசாதிபதியாக இருந்தார். சென்னை நகராண்மைக் கழகம் 1688 இல் அவர் காலத்தில் அமைந்தது. 1690 இற் கடலூரையடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை மராத்தியரிடம் கம்பெனிக்காக வாங்கினார். பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைவரை உள்ள ஊர்களும் விலையில் அடங்குமென்பது உடன்படிக்கை. அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. ஊரிலிருந்த குடிகளை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை!

இவ்வளவோடு நிறுத்துதல் நேர்மையன்று. 1680 களிற் பஞ்சம் வாட்டிய அக்கரையினின்று தமிழகத்து மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். புனித எலேனாத் தீவுக்கு அடிமைகளை அனுப்பும் கட்டளைகள் அவர் வீற்றிருந்த ஆலோசனைச் சபையிலேயே பிறந்தன. நூற்றைம்பது ஆண்டின் பின் அதே தமிழகத்துப் பஞ்சமும் வறுமையும் கண்டிச்சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு மக்களைத் துரத்தின. அவர்கள் அடிமைகள் அல்லர். எனினும், அவர்வழி வந்த பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் இச்செய்தியை மறைத்துப் பாடஞ் சொல்ல என் மனம் ஒவ்வாது.

தம் பதவியைச் சொந்த வணிகத்துக்குப் பயன்படுத்தினார் என்னும் குற்றச்சாட்டினால் யேல் பதவி இழந்தார். ஆயினும் பெருஞ்செல்வராகவே 1699 இல் இங்கிலாந்து திரும்பினார். அக்காலத்தில், டவன்போட் நெடுநாட் கனவுகண்ட கல்லூரி 1701 இல் வேறோரிடத்தில் தோன்றி, 1716 இல் நியூ ஹேவனுக்கு வந்து, கட்டடம் முடிக்கப் பணமின்றித் தவித்தது. கொற்றன் மாதர் என்னும் போதகர் யேலுக்கு முடங்கல் விடுத்தார். யேல் 1718 இல் ஒன்பது பொதி சரக்கும், 417 நூல்களும், முதலாம் யோர்ச்சு மன்னனின் உருவப்படமும் அனுப்பினார். சரக்கு ஏறத்தாழ 562 பவுணுக்கு விலைபோயிற்று. பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய மரபில் வந்த நமக்கு, அத்தொகைக்கு ஒரு கல்லூரியின் பெயரே கைமாறியது வியப்பாகத்தான் தோன்றும்.

1721 யூலை 8 ஆம் நாள் அவர் காலமானார். உடல் வேல்சு நாட்டு றெக்சம் நகரில் அடக்கஞ் செய்யப்பட்டது. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024 இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. பெயரை மாற்றவில்லை.