தஞ்சையின் கதைசொல்லி: வேதநாயகம் சாஸ்திரியார்

வேதநாயகம் என்ற பெயரைக் கேட்டதும் எம்மிற் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் கத்தோலிக்கர், முன்சீப்பாக இருந்தவர், 1826இல் பிறந்தவர். நாம் இங்கு எழுத வந்தது அவருக்கு அரை நூற்றாண்டு முந்திய தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரைப் பற்றி. கல்லூரி மண்டபத்திலும் ஞாயிறு ஆராதனையிலும் நாம் பாடி வளர்ந்த கீர்த்தனைகளிற் பல அவருடையவை. பாட்டாசிரியராகவே அவரை அறிந்திருக்கிறோம். உண்மையில் அவர் ஊரைக் கூட்டிவைத்துக் கதை சொன்னவர். பாட்டுகளுட் பல அந்தக் கதைகளோடு பிறந்தவை.

அவர் பிறந்தது 1774இல், திருநெல்வேலிச் சீமையில். தந்தை தேவசகாயம் கிறிஸ்தவத்துக்கு வந்தவர். பையனுக்குப் பன்னிரண்டு வயதளவில் ஜெர்மன் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் அந்தப் பக்கம் வந்து, அவனுடைய கெட்டித்தனத்தைக் கண்டு, தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். அதே சுவார்ட்ஸ் ஐயரின் பொறுப்பில் இன்னொரு சிறுவனும் வளர்ந்தான். அவன்தான் பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி. ஒருவர் கிறிஸ்தவப் புலவர், மற்றவர் சைவப் பெருங்கோயிலின் காவலர். ஆயினும் அந்தச் சிறுவயது நட்பு மன்னர் இறக்கும்வரை நீடித்தது. (சரபோஜி மன்னர் கண் நோயாளருக்குச் செய்வித்த சிகிச்சைகளைப் படங்களோடு குறித்துவைத்த ஏடுகள் தஞ்சையில் இன்றும் இருக்கின்றன. மருத்துவத் துறையில் இருக்கும் எமக்கு அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத ஆசை. அது இன்னொரு மலருக்கு.)

அடுத்து தரங்கம்பாடியில் படிப்பு. அங்கிருந்த மிஷனரிமாரிடம் வேதசாஸ்திரத்தோடு வானசாஸ்திரம், கணிதம், உடற்கூற்றியல் எல்லாம் கற்றார். தஞ்சை திரும்பி, இருபது வயதளவில் மிஷன் பாடசாலையின் தலைமை ஆசிரியரானார்.

அக்காலத்து நிலைமையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706இல். சில ஆண்டுகளுக்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிவிட்டது. ஆனால் அச்சுப் புத்தகத்தை எடுத்து வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? கோயிலில் பாடிய ஞானப்பாட்டுகளோ ஜெர்மன் மெட்டுகளில் தமிழ்ச் சொற்களைக் கோத்தவை. சொல் தமிழ், ஓசை வேறு. அந்தச் சனங்களின் காது பழகியிருந்தது குறவஞ்சிக்கும் நொண்டி நாடகத்துக்கும் கும்மிக்கும். அவற்றுக்காக விடிய விடியக் கண்விழித்திருக்க அவர்கள் தயங்கியதில்லை.

சாஸ்திரியார் அந்தக் காதைத் தேடிப் போனார். 1800ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியைப் பாருங்கள். குறவஞ்சி என்றால் கதைப்போக்கு எவருக்கும் தெரியும். தலைவன் உலா வருவான், தலைவி கண்டு காதல் கொள்வாள், குறத்தி வந்து குறி சொல்லுவாள், கடைசியில் அவளைத் தேடிக் குறவன் வருவான். சரபோஜி மன்னரைத் தலைவராக வைத்துக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது. அதே ஊரில் இருந்துகொண்டு சாஸ்திரியார் தலைவனின் இடத்தில் பெத்லகேமில் பிறந்தவரை வைத்தார். தலைவி சீயோன் மகள், அதாவது திருச்சபை. குறத்தி சொல்லும் குறி வேத வசனம். குறவன் வலைவீசித் தேடுவது மனித ஆத்துமாக்களை. மீனவரைப் பார்த்து இனி மனிதரைப் பிடிப்பீர்கள் என்று இயேசு சொன்னதை, வேடனைக் கண்டு பழகிய சனத்துக்கு இதைவிடச் சுலபமாக விளக்க முடியாது.

குறத்தி தன் மலைவளமும் நாட்டுவளமும் சொல்வது இந்த நாடக வகையின் மரபு. சாஸ்திரியார் அந்த இடத்தையும் வீணாக்கவில்லை. உலகத்துத் தேசங்களும், சூரியனைக் கிரகங்கள் சுற்றிவரும் கொப்பர்னிக்கசின் வானசாஸ்திரமும் அந்தக் குறவஞ்சிக்குள் இருக்கின்றன. பள்ளிக்கூட வாசலை மிதியாதவர்கள் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதைப் பாட்டாகக் கேட்டார்கள். ஆசிரியராக இருந்தவர் அல்லவா, பழக்கம் விடவில்லை!

நொண்டி நாடகமும் அப்படித்தான். கெட்டலைந்து காலை இழந்தவன் கடைசியில் கடவுளருளால் குணமடைவது அதன் கதை. கெட்ட குமாரன் உவமைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அது பொருந்தியது. அதிலிருந்து பிறந்தது ஞான நொண்டி நாடகம். நோவா பேழை செய்த கதை ஞானத் தச்ச நாடகமாயிற்று. மூடநம்பிக்கைகளைக் கண்டிக்க அவர் எடுத்துக்கொண்டது பெண்கள் கைகொட்டி ஆடும் கும்மி. நூறுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் உள்ளன.

இவற்றை அவர் ஏட்டோடு விட்டுவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று, சபை கூட்டி, பாட்டைப் பாடி, இடையிடையே வசனத்தில் விளக்கி, வேதக் கதையை நடத்திச் சென்றார். குடும்பத்தாரும் மாணவரும் உடன் பாடினர். கதாகாலட்சேபம் என்று பின்னர் பெயர் பெற்ற முறை இது. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்துகளைப் பார்த்தவர்களுக்கு இதன் வலு விளங்கும். வேதாகமத்தில் ஒரு பக்கமும் வாசிக்காத கிழவி புனிதரின் கதையை முழுவதும் ஒப்பிப்பாள்.

இனி எழுதப்போவது எமக்கு இலகுவானதல்ல. ஆனால் நூற்றாண்டு மலரில் புகழ்மாலை மட்டும் சூட்டினால் அவரை அறிந்ததாகாது.

1820களில் தஞ்சைக்கு வந்த இளம் மிஷனரிமார் பழைய ஏற்பாடுகளைக் குலைத்தார்கள். தமிழ் வேதாகமத்தைத் திருத்தினார்கள், கோயிலில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தார்கள், திருமணங்களில் பூ வேண்டாம் என்றார்கள். கூடவே, சாதிக்கொரு பக்கமாக அமரும் வழக்கத்தையும் ஒழிக்க முனைந்தார்கள். சாஸ்திரியார் இவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எதிர்த்தார். மனுக்கள் எழுதினார், சாதி வேற்றுமையை நியாயப்படுத்தி நூலும் எழுதினார். 1829இல் மிஷன் அவரை வேலையிலிருந்து நீக்கியது.

பாட்டுக்கும் பூவுக்கும் அவர் வாதாடியது சரியே. அந்நியர் ஓசையில்தான் கடவுளைத் துதிக்கவேண்டும் என்பது அநியாயம். ஆனால் இருக்கை விடயத்தில் அந்த மிஷனரிமார்தான் சரி. குறத்தியின் வாயில் வேதத்தை வைத்த மனிதருக்கு, தாழ்த்தப்பட்ட சாதிக் கிறிஸ்தவர் பக்கத்தில் அமர்வது பாரமாக இருந்தது. அது அக்காலத்து வழக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது. பக்கத்தில் இடம் மறுக்கப்பட்டவர்களும் அக்காலத்தவரே. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் சம ஆசனத்துக்காக எங்கள் பாட்டிமார் காலத்தில் நடந்த போராட்டத்தை அறிந்தவர்கள் நாம். இதை மூடிவைத்து எழுத எமக்கு மனம் வரவில்லை.

வேலை போனபின் பழைய தோழரான மன்னர் கைகொடுத்தார், அரண்மனைப் புலவராக்கினார். 1832இல் சரபோஜி காலமானார். சாஸ்திரியாரோ மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். வறுமையும் இருந்தது, பாட்டும் இருந்தது.

பின்னர் ஒன்று நடந்தது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற அமெரிக்க மிஷனரிமார் மதுரையில் ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். அதில் பணிசெய்த வெப் ஐயர் தமிழ்க் கீர்த்தனைகளில் ஈடுபாடு கொண்டு, சாஸ்திரியாரின் பாட்டுகளைத் திரட்டி 1853இல் ஒரு கீர்த்தனைப் புத்தகம் அச்சிட்டார். தஞ்சையில் தள்ளப்பட்டவை மதுரையில் பொது ஆராதனைக்கு ஏற்றவையாயின. அதன்பின் அவை சாதி கேட்காமல் எல்லாச் சபைகளுக்கும் போயின, கடல் கடந்து எம்மிடமும் வந்தன. இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் எம் பழைய மாணவிகள் நத்தார் ஆராதனைக்குக் கூடும்போது பாடுகிறவற்றுள் அவையும் உண்டு.

சாஸ்திரியார் 1864இல் தஞ்சையில் காலமானார். தொண்ணூறை நெருங்கிய வயது. அவருக்குப் பின் மகனும், பேரர்களும், அவர் வழிவந்தோரும் தலைமுறை தலைமுறையாகச் சபைகளில் கதாகாலட்சேபம் செய்துவந்தார்கள்.